மாப்பிள்ளைக்குத் தைத்த பேண்ட்

என் அப்பாவால் தொளதொளவென்று இருக்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஜன்னல் திரை, தலையணை உறை, பக்கத்து வீட்டுக்காரரின் சட்டைக் காலர், எதுவானாலும் விரல் தானாகப் போய்விடும். ஒருமுறை பஸ்ஸில் முன்னால் நின்றவரின் தோள்பையில் வார் பிரிந்து தொங்கியது. இவர் அதைப் பிடித்து இழுத்துப் பார்க்க, அவர் திருடன் திருடன் என்று கத்த, நான் குறுக்கே விழுந்து மன்னிப்புக் கேட்டு, பாதி வழியில் இறங்க வேண்டியதாயிற்று. இறங்கியதும் அப்பா அலட்டிக்கொள்ளாமல் சொன்னார், "ரெண்டு தையல் போட்டா சரியாப் போயிடும். தொளதொளன்னு இருக்கறது எதுவும் உழைக்காது பாப்பா."

ஆயுள் முழுக்கத் தையல்காரர். கண் கொஞ்சம் மங்கியதும் கடையை மூடிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். கூடவே மெஷினும் வந்தது. முன்னறையில் ஜன்னலோரம் அதைப் போட்ட பிறகு நாற்காலி போட இடமில்லை. வருகிறவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போவார்கள். அதில் எனக்கு ஒரு சௌகரியம், யாரும் உட்கார்ந்து கழுத்தை அறுப்பதில்லை.

என் வீட்டுக்காரர் மரம் வெட்டுகிறவர். காற்றுக்கும் மழைக்கும் சாலையில் சாய்ந்த மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்து வழி விடுகிற குழுவில் வேலை. ஆள் நெடுநெடுவென்று இருப்பதால் குழுவில் 'ஒட்டகம்' என்று பெயர். அப்பாவுக்கு அந்த வேலை ஆகவே ஆகாது. கல்யாணப் பேச்சு வந்தபோதே, "ஆள் கைகாலோட வீட்டுக்கு வரணுமேன்னு தினம் வாசலைப் பார்த்துக்கிட்டு நிக்கற பொழப்பு உனக்கு எதுக்கு?" என்று கேட்டார். நான் என்றைக்கு அவர் பேச்சைக் கேட்டேன்?

அந்தக் கோபத்தில் என்னைக் கட்டியவரை ஒருநாளும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. "அவர் சாப்பிட்டாராமா?" என்று என்னிடம் கேட்பார், அவரை எதிரில் வைத்துக்கொண்டே. இவரும், "மாமாவுக்குப் போதுமான்னு கேளு" என்பார். ஒரே சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி வேலை பார்த்தேன்.

பகலில் பார்ப்பது வேறு வேலை. படகுப் பட்டறையில் இருக்கிறேன். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கப் போகும் படகுகள் செய்கிறோம். இரண்டு பேர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடலாம், அத்தனை லேசு. பாறையில் மோதினாலும் பிளக்காது. அதற்குக் காரணம் ஒரு மஞ்சள் துணி. அராமிட் என்று பெயர், எங்களுக்கு அது மஞ்சள் நார். எடைக்கு எடை இரும்பைவிட உறுதி. சாதாரணக் கத்தரிக்கோலால் வெட்டப் போனால் கத்தரிக்கோல்தான் மொக்கையாகும். அச்சில் அதை விரித்து, ரெசின் என்கிற பிசினைப் பூசி, உருளையால் தேய்த்துத் தேய்த்து, ஒரு குமிழி இல்லாமல், ஓர் இழை நகராமல் இறுக விட வேண்டும். "நூல் அசையக் கூடாது, அசைஞ்சா பலம் போச்சு" என்று எங்கள் ஃபோர்மேன் சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்குத் தூக்கத்தில்கூட அது கேட்கும்.

அதே மஞ்சள் நார்தான் என் வீட்டுக்காரரின் பேண்ட்டிலும் இருந்தது. மரம் வெட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் பேண்ட் தனி ரகம். முன்பக்கம் தொடையிலிருந்து கணுக்கால் வரை, வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் நாரை அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். ரம்பம் தவறிக் காலில் பட்டால் காப்பாற்றும். எப்படிக் காப்பாற்றும் என்று நான் கேட்டதில்லை. குடை எப்படி மழையைத் தடுக்கிறது என்று யாராவது கேட்பார்களா?

ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர், வாசலில் நின்று குனிந்து முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். கிளை மாட்டி வெளித்துணி ஒரு சாண் கிழிந்திருந்தது. மேல்தையல் விட்டுப்போய், உள்ளே இருந்த நார் அடுக்கு மொத்தமும் சரிந்து முட்டியில் வந்து உட்கார்ந்திருந்தது.

"என்னவாம், முட்டியில மூட்டை கட்டி வச்சிருக்காரு?" என்றார் அப்பா என்னிடம்.

"புதுசு கேட்டிருக்கேன், வரும்னு சொல்லு" என்றார் இவர் என்னிடம்.

மறுநாள் அவருக்கு விடுமுறை. ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார். அப்பா கொடியில் கிடந்த பேண்ட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கிழிசலுக்குள் விரலை விட்டுத் துழாவினார். கையிலிருந்த மீன் நழுவியது போல முகம் போயிற்று.

"பாப்பா, உள்ள ஒண்ணுமே பிடிச்சுக்கிட்டு இல்ல. எல்லாம் சும்மா அடுக்கி வச்சு ஓரத்துல மட்டும் ஒரு தையல். எந்த மடையன் தைச்சான் இதை? இதை நம்பியா அவர் ரம்பத்தைத் தூக்கறாரு?"

நான் எட்டிப் பார்த்தேன். "எங்க பட்டறை நார்தான்ப்பா."

"குறுக்கும் நெடுக்குமா தைச்சுப் பிடிச்சிடலாமா? கெட்டுப் போயிடாதே?"

"தாராளமா தைங்க. அதை அசையாம பிடிச்சு வச்சாத்தான் பலம். எங்க ஃபோர்மேன் தினம் அதைத்தான் சொல்றாரு."

பெரிய மேதாவி மாதிரிச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், தெரிந்த வரைக்கும் அது உண்மைதான். அப்பா மெஷினில் பதினெட்டாம் நம்பர் ஊசியை மாட்டினார். ஊசிகள் உடைந்தன. அவர் திட்டிக்கொண்டே வேறு மாட்டினார். அன்று முழுக்க வீடு கடகடத்தது. தொடையிலிருந்து கணுக்கால் வரை, கண்ணுக்குக் கண் ஒரே அளவில், டைமண்ட் டைமண்டாகக் கட்டம் போட்டுத் தைத்துவிட்டார். கண் மங்கியவர் தைத்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் அப்பா எழுந்து நின்றார். பேண்ட்டை இரண்டு கையிலும் ஏந்தி அவரிடமே நீட்டினார், தபால்காரி இல்லாமல்.

"இந்தாங்க மாப்பிள்ளை. போட்டுப் பாருங்க."

அவர் வாங்கிக்கொண்டார். தையல் மேல் விரலை ஓட்டினார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றார். குரல் கரகரத்தது. ஆம்பளைக்கு அழுகை வந்துவிட்டது என்று நினைத்து, நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினேன்.

அதற்குப் பிறகு வீடே மாறிவிட்டது. காலையில் அவர் கிளம்பும்போது அப்பா வாசலில் நிற்பார். குனிந்து பேண்ட்டைத் தடவி, ஒரு தையலாவது விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வழியனுப்புவார். மாலையில் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். நான் பக்கத்தில் போனால், "என்ன வேணும் உனக்கு?" என்றார்கள். வேலை பறிபோன தபால்காரிக்கு அதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்?

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு என் வீட்டுக்காரர் மேல் கோபம் வந்தது. குழுவில் 'சைலன்ஸ்' என்று ஒருவர் உண்டு. வாய் ஓயாமல் பேசுகிறவர் என்பதால் அந்தப் பெயர். அவர் ஒருநாள் தன் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணி, அண்ணனோட பேண்ட் மாதிரி எனக்கும் தைச்சுத் தரச் சொல்லுங்க. சும்மா கும்முன்னு இருக்கு." அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊசிப் பெட்டியைத் திறந்தேவிட்டார். என் வீட்டுக்காரர்தான் குறுக்கே வந்தார்.

"மாமாவுக்குக் கண்ணு சரியில்லடா. அவரைத் தொந்தரவு பண்ணாத."

"எனக்கென்ன கண்ணுக்கு?" என்றார் அப்பா.

"வேண்டாம் மாமா. எனக்கு மட்டும் போதும்."

சைலன்ஸ் முகம் தொங்கிப் போய்த் திரும்பினார். அன்று நான் இவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். அடுத்தவன் கால் காலில்லையா, இதில் என்ன கஞ்சத்தனம் என்று கேட்டேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பெருங்காற்று அடித்த வாரத்தில் குழுவுக்கு ஓய்வே இல்லை. விடிந்ததும் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து கொட்டும். அந்த வாரத்தில் ஒரு பகலில்தான் எங்கள் பட்டறைக்கு நூல் விற்கும் கம்பெனி ஆள் வந்தார். புது ரகங்களைக் காட்ட வந்தவர், வாய்ச் சாமர்த்தியக்காரர். நான் அப்போதுதான் ஒரு வாளி ரெசினில் ஹார்டனரைக் கலந்து வைத்திருந்தேன். கலந்துவிட்டால் காத்திருக்காது, கொஞ்ச நேரத்தில் வாளியிலேயே சூடேறி இறுகிவிடும். அதனால் உருளையை ஓட்டிக்கொண்டே காதை மட்டும் அவரிடம் கொடுத்திருந்தேன்.

"இதே நூல்தான், மரம் வெட்டறவங்க பேண்ட்டுக்குள்ளயும் போகுது" என்று அவர் ஒரு துண்டை எடுத்தார். நான் நிமிர்ந்தேன்.

"இது ரம்பத்தைத் தடுக்கும்னுதானே எல்லாரும் நினைக்கறீங்க? தடுக்காது. அந்த வேகத்துக்கு எந்தத் துணியும் நிக்காது. இது மெஷினையே நிறுத்தும். பாருங்க." துண்டின் ஓரத்தில் விரலை மாட்டி இழுத்தார். மஞ்சள் இழைகள் கொத்துக் கொத்தாக, நீளநீளமாக வந்துகொண்டே இருந்தன. "வேணும்னே தொளதொளன்னு விட்டிருக்கோம். சங்கிலி பட்டதும் இதை வாரி இழுத்துக்கிட்டுப் போகும். பல்சக்கரத்துல சுத்திக்கிட்டு, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மெஷின் நின்னுடும். மிஞ்சிப் போனா தோல்ல ஒரு கீறல்."

நான் உருளையை நிறுத்தினேன். "அதைக் குறுக்கும் நெடுக்குமா தைச்சுட்டா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "யாராவது தைப்பாங்களாம்மா? தைச்சா நூல் எப்படி வெளிய வரும்? பிடிச்சுக்கிட்டு அங்கயே நிக்கும், ரம்பம் பாட்டுக்கு உள்ள போகும். அப்புறம் அது வெறும் துணி."

உருளையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். ஃபோர்மேன் பின்னாலிருந்து கத்தினார். கையுறையில் ஒட்டியிருந்த ரெசினோடு போனை எடுத்து என் வீட்டுக்காரர் நம்பரை அழுத்தினேன். வேலையின்போது அவர் போன் வேனில்தான் இருக்கும் என்று தெரியும். தெரிந்தும் அழுத்திக்கொண்டே இருந்தேன். யாரோ எடுத்தார்கள்.

"அண்ணி! சொல்லுங்க." சைலன்ஸ். தண்ணீர் குடிக்க வேனுக்கு வந்திருக்கிறார்.

"அவரு எங்க?"

"மரத்து மேல நிக்கறாரு. பெரிய மரம் அண்ணி, ரோட்டையே அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. மெஷின் ஓடுது, கூப்பிட்டாக் கேக்காது."

"அவரை உடனே அந்தப் பேண்ட்டைக் கழட்டச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "என்ன அண்ணி நீங்க, பட்டப்பகல்ல, நடுரோட்டுலயா?"

"ஐயோ, விளையாடாதீங்க! அதைத் தைச்சது தப்பு. இனிமே அது காப்பாத்தாது. மெஷினை நிறுத்தச் சொல்லுங்க."

"சரி சரி, சொல்றேன் அண்ணி, சொல்றேன்..." சிரிப்பு இன்னும் குரலில் இருந்தது. காற்று இரைந்தது. இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் போகவில்லை.

குழுவின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்து, குழு எந்தச் சாலையில் இருக்கிறது என்று தனக்குத் தெரியாது, சூப்பர்வைசர் வந்ததும் சொல்கிறேன் என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை, அவ்வளவு மரியாதை. எனக்கு அவளைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. உள்ளே வாளி சூடேறிப் புகைய ஆரம்பித்திருந்தது. பாதி பூசிய படகு அச்சில் கிடந்தது. ஃபோர்மேன் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் போ என்று கையைக் காட்டினார்.

போ என்றால் எங்கே போவது? பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பஸ்கள் வந்தன, போயின. எந்தச் சாலையில் எந்த மரம் என்று தெரியாமல் எதில் ஏறுவது? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் ஏறினேன். போன் வந்தால் எங்கிருந்தாலும் வரும்.

வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா எதையோ தைத்துக்கொண்டு, வார்த்தையில்லாத ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா, சீக்கிரம் வந்துட்ட? இதைப் பாரு. ரம்பத்தைத் தோள்ல சுமக்கறப்ப அழுத்துதாம் மாப்பிள்ளைக்கு. சின்னதா ஒரு மெத்தை போட்டுத் தர்றேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "முகமெல்லாம் என்ன இப்படி இருக்கு? தலைவலியா?" என்றார். ஆமாம் என்றேன். அப்போது போன் அடித்தது.

சமையலறைக்குள் போய்த்தான் எடுத்தேன். சைலன்ஸ் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. கால் என்பதும் ஆஸ்பத்திரியின் பெயரும் மட்டும் காதில் விழுந்தன. வெளியே வந்து அப்பாவிடம், "கால்ல சின்னதா வெட்டாம், போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்றேன்.

அப்பாவின் கை மெஷின் சக்கரத்தில் அப்படியே நின்றது. "பேண்ட் போட்டிருந்தாருல்ல?"

"போட்டிருந்தாரு."

"அப்ப பயமில்ல" என்று மூச்சு விட்டார். "நீ பதறாமப் போ."

ஆஸ்பத்திரி நடையில் சைலன்ஸ் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கைகளில் ரத்தம் காய்ந்திருந்தது. உள்ளே ஆபரேஷன் நடக்கிறது என்றார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"நான் சொன்னேன் அண்ணி. சத்தியமாச் சொன்னேன். கையைக் காட்டி மெஷினை நிறுத்த வச்சு, நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவரு சிரிக்கல. 'தெரியும்டா, இந்த ஒரு கிளை முடியட்டும், இறங்கிடறேன்'னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அடியில வளைஞ்சு கிடந்த கிளை விடுபட்டு அடிச்சு, ரம்பம் எகிறி..."

அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. வாழ்க்கையில் அவர் வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான். என் காதில் ஒரே வார்த்தை நின்றது. தெரியும்.

டாக்டர் வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கால் இருக்கிறது என்றார் முதலில். முழங்காலுக்கு மேலே பக்கவாட்டில் ஆழமான வெட்டு. சதையைச் சேர்த்துத் தைத்துவிட்டோம், பாதத்தைத் தூக்குகிற நரம்பு அறுந்துபோயிருக்கிறது, அதையும் தைத்திருக்கிறோம், ஆனால் நரம்பு விஷயத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஊன்றிக்கொண்டு நடப்பார். மரம் ஏறுவது, சரிவில் நின்று மெஷின் பிடிப்பது எல்லாம் இனி நினைக்க வேண்டாம் என்றார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

கண் விழித்தவர் முதலில் என் கையைத் தேடினார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

கண்ணை மூடித் திறந்தார். தெரியும் என்று அர்த்தம்.

"பேண்ட் குடுக்கறப்பவே சொல்லுவாங்க. தைக்கக் கூடாது, தைச்சா மாத்திடணும்னு. பாதிப் பேர் காதுல வாங்க மாட்டாங்க." நாக்கு குழறியது. "புதுசு வந்துடும்னு நினைச்சேன். வந்ததும் இதைப் பத்திரமா வீட்டுல வச்சுடலாம்னு இருந்தேன்."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க? ஒரு வார்த்தை!"

"மாப்பிள்ளைன்னாரு" என்றார். "கையில ஏந்திக்கிட்டு நின்னாரு. நீயே பார்த்தியே. எப்படிச் சொல்றது?"

நான் அவர் மார்பில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஒழுங்காக இரண்டையும் செய்ய முடியவில்லை, உடம்பெல்லாம் குழாய்கள். சைலன்ஸை விரட்டியது கஞ்சத்தனம் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. தன் காலை மட்டும் பணயம் வைத்து அவர் அப்பாவின் சந்தோஷத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

"மாமாகிட்ட சொல்லாத" என்றார் மறுபடி தூங்கிப் போவதற்கு முன்னால். "அவருக்குத் தெரியவே கூடாது."

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவைத் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். அறைக்குள் விட இன்னும் நேரமிருந்தது. நடையில் உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் வந்து, நோயாளியின் பொருள் என்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். நான் கை நீட்டுவதற்குள் அப்பா வாங்கிவிட்டார். உள்ளே பேண்ட் இருந்தது. நான் வேண்டாம் வேண்டாம் என்று பிடுங்கப் பார்த்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டு அதைப் பெஞ்சில் விரித்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு காலைக் கத்தரித்துக் கழற்றியிருந்தார்கள். ரத்தம் காய்ந்து துணி விறைத்திருந்தது. முழங்காலுக்கு மேலே ரம்பம் போன வழி தெரிந்தது. வெட்டு நேராக, சுத்தமாக, ஓர் இழைகூட வெளியே வராமல் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் கட்டங்கள் அப்படியே இருந்தன.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"பாரு பாப்பா. இவ்வளவு பெரிய வெட்டுக்கு ஒரு தையல் பிரியல. இது மட்டும் முன்ன மாதிரி தொளதொளன்னு இருந்திருந்தா, கால் மிஞ்சியிருக்காது."

"ஆமாப்பா" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவர்களுடைய சூப்பர்வைசர் வந்து சேர்ந்தார். கறார் பேர்வழி, குழுவில் யாருக்கும் அவரைக் கண்டால் பிடிக்காது. பெஞ்சில் கிடந்ததைப் பார்த்தார். குனிந்து தையலைத் தொட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரு இதைத் தைச்சது?"

"நான்தான்" என்றார் அப்பா. நிமிர்ந்து உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கும் பள்ளிப் பிள்ளை மாதிரி, "நான்தாங்க தைச்சேன். என் மாப்பிள்ளைக்கு."

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"நல்லா தைச்சிருக்கீங்க ஐயா" என்றார். பேண்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இது எங்ககிட்ட இருக்கட்டும்." கொஞ்சம் நகர்ந்ததும் என்னைக் கூப்பிட்டு, புதிய பேண்ட் போன வாரமே வந்துவிட்டது என்றும், காற்று அடித்த அமளியில் கிடங்கிலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்றும் தரையைப் பார்த்தபடி சொன்னார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். திட்டுவதற்குக்கூட எனக்கு ஆள் மிஞ்சவில்லை.

அறைக்குள் விட்டதும் அப்பா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார்.

"தையல் பிரியவே இல்ல மாப்பிள்ளை. நானே பார்த்தேன்."

"தெரியும் மாமா. அதனாலதான் தப்பிச்சேன்."

"புதுசு வரட்டும். வந்ததும் முதல்ல என் கையில குடுங்க. இந்தத் தடவை ரெட்டை நூல் போட்டு, கட்டத்தை இன்னும் நெருக்கித் தைச்சுத் தர்றேன். சீக்கிரம் எழுந்து வேலைக்குப் போகணும் நீங்க."

"சரி மாமா."

மரம் வெட்டும் வேலையே பிடிக்காதவர் இதைச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது அப்பாவின் கண் கட்டிலின் கால்மாட்டுக்குப் போயிருந்தது. போர்வை ஒரு பக்கம் தொளதொளவென்று தொங்கிக் கிடந்தது. எழுந்து போய், கட்டுப்போட்ட காலின் பாதத்தைச் சுற்றி அதை இழுத்து, ஓரத்தை மடித்து, மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகினார். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார்.

"இறுக்கமா இருக்கா மாப்பிள்ளை?"

அந்தப் பாதத்தில் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, உணர்ச்சி இல்லை என்று டாக்டர் அன்று காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நல்லா இருக்கு மாமா" என்றார் என் வீட்டுக்காரர்.